விமான நிழலில் புளியோதரை

என் அப்பாவைப் பொறுத்தவரை, வெளியூர் போகிற வழியில் ஹோட்டலில் சாப்பிட நேர்ந்தால் அது அம்மாவின் நிர்வாகத் தோல்வி. புளியோதரை தீர்ந்திருக்க வேண்டும், அல்லது தயிர்சாதம் புளித்திருக்க வேண்டும். இரண்டும் நடக்காதபோது முகம் தெரியாதவன் சமைத்ததை எதற்குக் காசு கொடுத்துத் தின்ன வேண்டும் என்பார். அம்மாவும் லேசில் தோற்கிறவள் இல்லை. முதல் நாள் ராத்திரியே புளிக்காய்ச்சல் கொதிக்கும். இட்லிக்கு இரண்டு பக்கமும் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, வாட்டிய வாழையிலையில் அடுக்கி, பழைய பேப்பரில் சுற்றி நூலால் கட்டுவாள். 1980களில் சென்னையிலிருந்து தஞ்சாவூருக்குக் கிளம்பினால் துணிப்பையைவிடச் சாப்பாட்டுப் பைதான் கனக்கும்.

இத்தனை முன்னேற்பாட்டையும் மதிக்காமல் பஸ் ஒரு மோட்டலில் போய் நிற்கும். எந்த மோட்டல் என்பது வேண்டாம், எல்லாம் ஒன்றுதான். "வண்டி பத்து நிமிஷம் நிக்கும், டிபன் சாப்பிடுறவங்க சாப்பிடலாம்" என்று ஒரு பையன் பஸ்ஸின் தகரத்தை அடிக்கிற அடியில் பசியில்லாதவர்களும் இறங்கிவிடுவார்கள். டிரைவரும் கண்டக்டரும் தடுப்புக்குப் பின்னால் போய் வேறு சாப்பாடு சாப்பிடுவார்கள். ஆம்லெட் வாசனை மட்டும் நமக்கு. நாங்கள் சீட்டிலேயே பொட்டலத்தைப் பிரிப்போம். பொடி நெடி பின்சீட்டு வரைக்கும் போகும். நான் வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். வெளியே என் வயசுப் பையன் ஒருவன் பரோட்டாவைச் சால்னாவில் முக்கிக்கொண்டிருப்பான். அவனாகப் பிறந்திருக்கலாம் என்று தோன்றும்.

போன டிசம்பரில் அதே ஊருக்குக் காரில் போனோம். விக்கிரவாண்டி வரை நான்கு வழிச்சாலை, டோல்கேட், இரண்டு பக்கமும் 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு. ஒவ்வொரு வாசலிலும் ஆள் உயரத்துக்குப் பித்தளை டவரா டம்ளர். கும்பகோணத்துக்குள் நுழைந்த பிறகுதான் அந்தப் போர்டைத் தேட வேண்டியிருந்தது. "ஏம்ப்பா, இங்க கிடைக்காதா?" என்றான் மகன்.

வடலூரில் நிறுத்தச் சொன்னது மகள். 1867-இல் வள்ளலார் ஏற்றிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. யார் போனாலும் சோறு. அப்பா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வார், சாப்பிட மட்டும் இறங்க மாட்டார். "பசிச்சவனுக்கு வெச்ச சோறு அது. கையில பொட்டலத்தை வெச்சுக்கிட்டு நாம போய் உக்காரலாமா?" நாங்கள் வழியில் பொங்கல் வடை சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. இருந்தாலும் அது ஓர் அனுபவமாம். பந்தியில் உட்காரும் முன் மகள் போனைத் தடவிப் பார்த்து, "ரேட்டிங் நல்லாதான்ப்பா இருக்கு" என்று தைரியம் சொன்னாள். வள்ளலார் கேட்டிருந்தால் ரொம்பவும் சந்தோஷப்பட்டிருப்பார்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கவில்லை. "தஞ்சாவூர்ல இருக்கிறது மாதிரியேதானே?" என்றான் மகன். ராஜேந்திரன் கங்கை வரை படை அனுப்பினான், புதுத் தலைநகரே எழுப்பினான், எல்லாம் சரி. கோயிலுக்குப் பக்கத்தில் நல்ல ஹோட்டலாக ஒன்று வைக்கத் தவறிவிட்டான்.

அப்பா கைடு வைத்ததே கிடையாது. பிறர் வைத்த கைடுக்கு நாலடி பின்னால், வேறெதையோ பார்க்கிற மாதிரி நடப்பார். நாங்களும் அவர் பின்னால். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு காலைப்பொழுது. "ராஜராஜ சோழன் 1010-ல கட்டி முடிச்சது. 216 அடி விமானம். இதோட நிழல் தரையிலேயே விழாது" என்றார் யாரோ காசு கொடுத்து அமர்த்திய கைடு. அப்பா ஓசியில் வியந்து தலையாட்டினார். வெயில் ஏறிக் கல்தரை சுட ஆரம்பித்ததும் சாப்பிட இடம் தேடினார். விமானத்துக்குப் பின்புறம் நீளமாக, குளுகுளுவென்று ஒரு நிழல் கிடந்தது. துண்டை விரித்து, அந்த விழாத நிழலில் உட்கார்ந்துதான் நாங்கள் ஐந்து பேரும் புளியோதரை சாப்பிட்டோம். எது எதன் நிழல் என்று யாரும் கேட்கவில்லை. பசி.

ஊர் திரும்புவதற்கு முன் ஒரே ஒரு தடவை ஹோட்டல் உண்டு. சர்வர் மேஜையைத் துடைத்தபடி இட்லி, வடை, பொங்கல், பூரி, ரவா, ஊத்தப்பம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். அப்பா கடைசி வரை கேட்பார். நடுவில் விட்டுப்போனால் "வேற?" என்றும் கேட்பார். எல்லாம் முடிந்ததும், "மூணு காபி. அஞ்சா ஊத்திக் கொடுங்க." சர்வர் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாமல் அம்மா சுவரில் மாட்டியிருக்கும் முருகனைப் பார்ப்பாள். பில்லை அப்பா இரண்டு முறை கூட்டிப் பார்த்த பிறகுதான் பர்ஸ் வெளியே வரும். மூன்று காபிக்குக் கூட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்தத் தடவை கோயிலுக்கு ஒதுக்கியது முக்கால் மணி நேரம். பன்னிரண்டரைக்கு டேபிள் புக் செய்திருந்தார்கள். 'பாரம்பரிய உணவகம்', ஓடு வேய்ந்த முகப்பு, உள்ளே ஏசி. மெனு கார்டு கிடையாது, மேஜையில் ஒட்டிய கட்டத்தைப் போனால் படம் எடுக்க வேண்டும். வேட்டி கட்டிய பையன் ஒருவன் வந்து, சின்ன வாழையிலைப் பொட்டலத்தை எங்கள் கண் முன்னால் பிரித்தான். உள்ளே பொடி இட்லி. இலையைப் பக்குவமாக வாட்டியிருந்தார்கள், எண்ணெய் ஓரத்தில் கசிந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மண்சட்டியில் 'கோயில் புளியோதரை' வந்தது. "எங்க ஓனரோட பாட்டி பக்குவம் சார்" என்றான். மகள் நாலு கோணத்தில் படம் எடுத்து முடிக்கும்வரை யாரும் கை வைக்கக் கூடாது. பொட்டலத்துக்கு 240 ரூபாய். நூல் கட்டவில்லை, அதற்கு வேறு சார்ஜ் இருக்கலாம்.

"பாட்டி இப்படித்தான் பண்ணுவாங்களா?" என்று மகன் கேட்டான். உப்பு ஒரு கல் கம்மி, மற்றபடி இதேதான் என்றேன். "அப்ப பாட்டி ஏன் ஹோட்டல் வைக்கலை?" என்றான்.

அடுத்த மாதம் காரைக்குடியாம். அங்கே என்ன பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் கேட்டேன்.

"மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லியாச்சுங்க" என்றாள் மனைவி. "பார்க்கிறதை அங்க போய்ப் பார்த்துக்கலாம்."