பொருட்காட்சியில் பார்ட்டிக்கு ஆள் பிடிப்பது எப்படி?

டப்பா விற்க யாராலும் முடியும். அதை விற்பதற்கு இன்னொருவர் வீட்டு ஹால், அவர் வீட்டு ஃபேன், அவர் போட்ட காபி, அவருடைய நாத்தனார், எதிர் ஃபிளாட் மாமி, மகளோடு படிக்கும் பிள்ளையின் அம்மா என்று சகலத்தையும் இனாமாகப் பெறுவதில்தான் திறமை இருக்கிறது. சென்னை தீவுத்திடல் பொருட்காட்சியில் ஸ்டால் எடுத்து, கலர் கலராக டப்பாக்களை அடுக்கி வைத்து, கேட்டலாக்கால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புதிய கன்சல்டன்ட்டுகளுக்காக இந்தக் கையேடு. பழைய கைகள் இதைப் படிக்க வேண்டாம். அவர்களுக்கு எல்லாம் தெரியும், ஒப்புக்கொள்ளத்தான் மாட்டார்கள்.

முதலில் கொஞ்சம் தலபுராணம்

ஏர்ல் டப்பர் என்ற அமெரிக்கர் 1940களில் காற்றுப் புகாத மூடியோடு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை உருவாக்கிக் கடைகளுக்கு அனுப்பினார். அது அலமாரியிலேயே தூங்கியது. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றும் சூட்சுமம் வாங்க வந்தவர்களுக்கு விளங்கவில்லை. கணவரைப் பிரிந்து மகனைத் தனியாக வளர்த்துவந்த பிரவுனி வைஸ் என்ற பெண்மணிக்கு விளங்கியது. அக்கம்பக்கத்துப் பெண்களை ஒரு வீட்டில் கூட்டி, டப்பாவுக்குள் திரவத்தை நிரப்பி மூடி, அறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வீசிக் காட்டினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆர்டர்கள் குவிந்தன. 1951இல் டப்பர் கடைகளிலிருந்து சரக்கைத் திரும்பப் பெற்று, வீட்டுப் பார்ட்டிகளில் மட்டுமே விற்பது என்று முடிவெடுத்தார். 1954இல் 'பிசினஸ் வீக்' இதழ் தன் அட்டையில் முதன்முறையாக ஒரு பெண்ணின் படத்தைப் போட்டது. அது பிரவுனி வைஸ்.

1958இல் கம்பெனி அவரை வெளியே அனுப்பியது. பார்ட்டி முடிந்ததும் ஹாலை விட்டுக் கிளம்ப வேண்டியவர்கள் விருந்தாளிகள் மட்டும் அல்ல என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். டப்பர்வேர் என்ற அந்தக் கம்பெனி 1996இல் இந்தியாவுக்கு வந்தபோது டப்பாவும் வந்தது, பார்ட்டியும் வந்தது. இந்தப் பாடத்தை மட்டும் கேட்டலாக்கில் யாரும் அச்சடிக்கவில்லை.

ஆளைத் தேர்ந்தெடுத்தல்

ஸ்டாலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்ட்டிக்குத் தன் வீட்டைத் தரும் ஹோஸ்டஸ் ஆக மாட்டார்கள். ராட்டினத்தில் ஏறிவிட்டுத் தலைசுற்றலோடு வருபவர் உட்கார இடம் கேட்பார். நாற்காலியைக் கொடுங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "ஆன்லைன்ல இது பாதி விலைதானே?" என்பவரை வணங்கி வழியனுப்புங்கள். இரண்டு கையாலும் டெல்லி அப்பளத்தைப் பிடித்திருப்பவரால் சீட்டு எழுத முடியாது. ஆனால் அவரால் வேகமாக நகரவும் முடியாது என்பதால் முழு விளக்கமும் கேட்டே தீருவார். எதிர் ஸ்டாலில் காய்கறி நறுக்கும் கருவி விற்பவர் மைக்கில் கத்திக்கொண்டிருப்பார். அவருக்குக் கூட்டம் வேண்டும். உங்களுக்கு ஒரே ஒருவர் போதும்.

அந்த ஒருவரை அடையாளம் காண ஒரு கேள்வி இருக்கிறது. அதை நீங்கள் கேட்க வேண்டியதில்லை, அவரே கேட்பார்: "மூடி மட்டும் தனியாக் கெடைக்குமா?" உடனே எழுந்து நின்று வரவேற்றுவிடுங்கள். மூடியைத் தொலைத்தவர் என்றால் பக்கத்து வீட்டுக்கு அதிரசம், மாடி வீட்டுக்குப் புளிக்காய்ச்சல், ஓரகத்திக்குக் கறிக்குழம்பு என்று டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புபவர் என்று பொருள். டப்பா திரும்பி வந்திருக்கும், மூடி வந்திருக்காது. அதைத் திருப்பிக் கேட்க அவருக்கு வாய் வந்திருக்காது. ஊரெல்லாம் உறவு, எதையும் கேட்கக் கூச்சம்: இதைவிடச் சிறந்த ஹோஸ்டஸை எந்தக் கம்பெனியும் பயிற்சி கொடுத்து உருவாக்க முடியாது.

அழைப்பு முறையிலும் கவனம் தேவை. உங்கள் வயது போலத் தெரிந்தால் 'சிஸ்டர்'. மூத்தவராகத் தெரிந்தால் 'அக்கா'. இன்னும் மூத்தவராகத் தெரிந்தாலும் 'அக்கா'தான். 'ஆன்ட்டி' என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அன்றைய ஸ்டால் வாடகை போச்சு.

குலுக்கல் பெட்டி

மேஜை ஓரத்தில் ஒரு கண்ணாடி ஜாடி, பக்கத்தில் சீட்டுக் கட்டு, நூலில் கட்டிய பேனா. சீட்டில் பெயர், போன் நம்பர், பிறகு ஒரு கேள்வி: 'உங்கள் வீட்டில் பார்ட்டி வைக்க விருப்பமா?' கீழே இரண்டு கட்டங்கள் இருக்கட்டும். ஒன்றில் 'ஆம்', மற்றதில் 'யோசித்துச் சொல்கிறேன்'. மூன்றாவது கட்டம் காகிதச் செலவு.

பரிசு ஒன்றுதான், ஆனால் போன் எல்லாருக்கும் போக வேண்டும். இரண்டு நாளுக்குள் கூப்பிடுங்கள். அதற்குள் கூப்பிடாவிட்டால் ஸ்டாலை மறந்து, மிளகாய் பஜ்ஜியை மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள். "வாழ்த்துகள் சிஸ்டர், உங்க சீட்டு விழுந்திருக்கு" என்று தொடங்குங்கள். ஜாடிக்குள் எல்லாச் சீட்டும்தான் விழுந்திருக்கிறது, பொய் இல்லை. என்ன பரிசு என்று கேட்டால், 'ஹோஸ்டஸ் கிஃப்ட் வாங்கும் தகுதி' என்று சொல்லுங்கள். தகுதியைப் பரிசாக நிறைவேற்ற வேண்டியது அவர் பொறுப்பு.

நாள் குறித்தல்

ஆசை ஆறுவதற்குள், அதாவது இரண்டு மூன்று வாரத்துக்குள், தேதி வாங்கிவிட வேண்டும். "எப்ப வசதிப்படும்?" என்று கேட்டால் எப்போதுமே வசதிப்படாது. "செவ்வாயா, சனியா?" என்று கேளுங்கள். மாதத்தின் முதல் பத்து நாள் உத்தமம். இருபதாம் தேதிக்கு மேல் வருகிறவர்கள் காபி மட்டும் குடித்துவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகுகாலம். செவ்வாய் என்றால் மாலை மூன்று முதல் நாலரை. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது முக்கியமில்லை, முதல் ஆர்டர் போட வேண்டிய மாமிக்கு இருக்கிறது. நவராத்திரி கிடைத்தால் விடவே கூடாது. கொலுவுக்கு வந்தவர்களுக்குச் சுண்டலோடு கேட்டலாக்கும் கொடுக்கலாம்.

விருந்தினர் பட்டியல்

ஹோஸ்டஸிடம் யாரை அழைக்கலாம் என்று கேட்டால் நான்கு பேரைச் சொல்லி நிறுத்திவிடுவார். அவருடைய போனை எடுக்கச் சொல்லி, அ முதல் வரிசையாகப் போங்கள். உறவு, அண்டை வீடு, பழைய ஆபீஸ், கோயில் கோலாட்டக் குழு, பள்ளி வேனுக்குக் காத்து நிற்கும் அம்மாக்கள், தையல் கடை அக்கா. பத்துப் பேர் வர வேண்டுமானால் முப்பது பேரை அழைக்க வேண்டும். பத்துப் பேர் தலைவலி என்பார்கள், பத்துப் பேர் வருவதாகச் சொல்லிவிட்டு வர மாட்டார்கள். வராதவர்களையும் விடாதீர்கள். "வர முடியாட்டிப் பரவால்ல, ஒரே ஒரு டப்பா மட்டும் சொல்லிடுங்க" என்று ஹோஸ்டஸைப் பேசவைத்து, பார்ட்டிக்கு முன்பே ஆர்டர் சேர்த்துவிட வேண்டும்.

அழைப்பில் என்ன சொல்லலாம்?

2021 டிசம்பரில் மத்திய அரசு நேரடி விற்பனைக்கென நுகர்வோர் பாதுகாப்பு விதிகளை அறிவித்தது. முன் அனுமதியும் அடையாள அட்டையும் இல்லாமல் விற்பனையாளர் யார் வீட்டுக்கும் போகக் கூடாது. பேச்சைத் தொடங்கும்போதே தான் யார், எந்தக் கம்பெனி, எதற்காக வந்திருக்கிறேன் என்பதை அவராகவே சொல்லிவிட வேண்டும். சேர்வதற்குக் கட்டணம் கேட்கக் கூடாது. ஆள் சேர்ப்பதற்காகவே காசு கொடுக்கும் பிரமிடு திட்டங்களுக்குத் தடை. மிக நல்ல விதிகள், ஒவ்வொன்றும் அவசியமானது.

ஆனால் எல்லாம் விற்பவருக்கான விதிகள். அழைப்பவரோ ஹோஸ்டஸ், அவர் எதையும் விற்கவில்லை. "சும்மா வாங்கடி, பேசிட்டிருக்கலாம்" என்று ஒரு தோழி தோழியைக் கூப்பிடுவதைத் தடுக்க எந்த அரசிதழிலும் இடமில்லை. நீங்கள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஹாலில் எழுந்து நின்று முறைப்படி உண்மையைச் சொல்வதற்குள், கதவு சாத்தப்பட்டு, செருப்புகள் கழற்றப்பட்டு, முறுக்குத் தட்டு ஒரு சுற்று வந்திருக்கும். ஹோஸ்டஸ் எதற்குத் தேவை என்பது இப்போது விளங்கியிருக்கும்.

பார்ட்டி அன்று

பலகாரம் எளிமையாக இருக்கட்டும். ஹோஸ்டஸ் வடை, கேசரி, பஜ்ஜி என்று கிளம்பினால் தடுத்துவிடுங்கள். அவ்வளவு ஆடம்பரத்தைப் பார்த்தவர்கள், "நம்மால இதெல்லாம் முடியாதும்மா" என்று அடுத்த பார்ட்டிக்குத் தேதி தர மாட்டார்கள். பிஸ்கட்டும் காபியும் போதும். டப்பாவில் தண்ணீர் ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டும்போது, வீட்டிலேயே ஒத்திகை பார்த்த டப்பாவைப் பயன்படுத்துங்கள். பிரவுனி வைஸைப் பார்த்துத் தூக்கி வீசவேண்டாம். இங்கே ஹாலுக்கு நடுவில் டிவி இருக்கும்.

முதல் ஆர்டர் யார் கொடுப்பது என்பதை முன்பே பேசிவைத்துவிடுங்கள். பொதுவாக அது ஹோஸ்டஸின் அக்காள். அவர் பெரிதாக ஒன்று எடுத்தால்தான் மற்றவர்கள் சின்னதாகவாவது ஒன்று எடுப்பார்கள். இங்கே கணக்கு மொய் எழுதுவது போலத்தான். என் வீட்டு விசேஷத்தில் நீ எழுதியது உன் வீட்டு விசேஷத்தில் திரும்பியாக வேண்டும். ஒரே வித்தியாசம், மொய்ப்பணம் விசேஷம் வைத்தவர் வீட்டில் தங்கும். இங்கே அது கம்பெனிக்குப் போகும், ஹோஸ்டஸுக்கு ஒரு ஊறுகாய் டப்பா கிடைக்கும். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி, பிறரை இணங்க வைக்கும் வித்தைகளைப் பற்றி 1984இல் வெளியிட்ட நூலில் இந்த டப்பா பார்ட்டியையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். வாங்கச் சொல்வது முன்னால் நிற்கும் விற்பனையாளர் அல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழி என்பது அவர் கண்டது. நம் மாமிகள் மொய் நோட்டைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அவர்களுக்குப் புத்தகம் தேவைப்படவில்லை.

கிளம்பும் முன்

காசை எண்ணுவதற்கு முன் அடுத்த ஹோஸ்டஸைப் பிடியுங்கள். ஒரு பார்ட்டியில் இரண்டு பார்ட்டி முளைக்காவிட்டால் மறுபடியும் பொருட்காட்சி, மறுபடியும் அப்பளக் கூட்டம். "போன தடவை நான் உன் வீட்டுக்கு வந்தேன்ல?" என்ற வசனத்தை ஹோஸ்டஸுக்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். மற்றதை முகதாட்சண்யம் பார்த்துக்கொள்ளும்.

முகதாட்சண்யத்துக்கும் ஓர் அளவு உண்டு என்பதையும் இந்தக் கையேடு சொல்லியாக வேண்டும். இத்தனைக்கும் மூலமான டப்பர்வேர், 2024 செப்டம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்பு கேட்டு மனுச் செய்தது. மூடி அப்போதும் காற்றுப் புகாமல்தான் மூடிக்கொண்டிருந்தது. அதே போன்ற டப்பா கடையிலும் போனிலும் மலிவாகக் கிடைக்கும்போது ஹாலில் உட்கார்ந்து வாங்க ஆள் குறைந்துவிட்டது.

ஆகவே கன்சல்டன்ட் பெருமக்களே, பார்ட்டி முடிந்து மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள். வந்தவர்களில் ஒருவராவது தானாகப் போன் செய்து இன்னொரு டப்பா கேட்டால், நீங்கள் விற்றது டப்பா. உங்கள் நம்பரைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தால், நீங்கள் விற்றது ஹோஸ்டஸின் சிநேகிதத்தை. அதற்குக் கம்பெனி மாற்று மூடி தருவதில்லை.