மருமோன்ர மணிக்கூடு

மருமோன், பரிஸ் லாச்சப்பலிலை இருக்கிற சனம் ஊருக்குச் சொக்லேற்றும் சென்ற் போத்தலும் அனுப்புது. நீ வெண்கலமும் பளிங்குமாய்ப் பழைய பிரெஞ்சு மணிக்கூடு ஒண்டை வீடியோவிலை காட்டி, கிளிநொச்சி வீட்டுக்கு அனுப்பட்டோ எண்டு கேக்கிறாய். நல்ல பாரமான சாமான். சோளகம் எடுத்தாலும் பறக்காது.

உதை அங்கை வைக்கிறது குளிர்காயுற அடுப்புக்கு மேலையாம். எங்கட அடுப்புக்கு மேலை இருக்கிறது புகடு. அதிலை மாமியின்ர கருவாட்டு முட்டியும் புளிப்பானையும் எப்பவோ குடியேறியிட்டுது. எழுப்பச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, நீயே கதை. மணிக்கூட்டுக்கு மேலை சாய்ஞ்சிருக்கிற தேவதைக்குச் சீலை வழுகிக் கிடக்கு. மாமி கண்டால் சட்டை தைக்க அளவெடுப்பா.

விக்கிறவன் நெப்போலியன் காலத்துத் தங்கம் எண்டானோ? இருக்கும். அந்தக் காலத்திலை தங்கத்தைப் பாதரசத்திலை கரைச்சு, களியாக்கி, வெண்கலத்திலை பூசி நெருப்பிலை காட்டுவினம். இரசம் புகையாய்ப் போகும், தங்கம் ஒட்டிக்கொண்டு நிக்கும். அந்தப் புகையைக் குடிச்ச தொழிலாளி கை நடுங்கி, பல்லாடித்தான் சம்பளம் எடுத்தவன். 1840களிலை மின்சாரத்தாலை முலாம் பூசப் பழகியிட்டாங்கள். பிறகு துத்தநாகத்தை வார்த்து மேலை பொன் நிறம் ஏத்தி வித்தவங்களும் இருக்கிறாங்கள். காசு குடுக்கமுதல் அடியைத் திருப்பி, கண் படாத மூலையிலை மெல்லச் சுரண்டிப் பார். மஞ்சளெண்டால் வெண்கலம். வெள்ளையெண்டால் கிணத்து வாளிக்குப் பூசுற சாமான், நெப்போலியனுக்கு ஒரு சொந்தமுமில்லை.

பெட்டியிலை போடமுதல் பின்பக்கத்தாலை ஊசலைக் கழட்டு. இல்லாட்டில் அது தொங்குற மெல்லிய தகடு வழியிலை முறிஞ்சுபோம். இன்னும் பழசெண்டால் பட்டு நூலிலைதான் தொங்கும். வந்து சேர்ந்தாப் பிறகு என்ர பயம் மாமிதான். குத்துவிளக்கெண்டு நினைச்சுப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சாவெண்டால், இருநூறு வரியம் நிண்ட தங்கம் ஒரு வெள்ளிக்கிழமையோடை வாய்க்காலுக்குப் போயிடும். பளிங்கையும் புளி தின்னும்.

மணி அடிக்கிறதிலையும் ஒரு கூத்திருக்கு. முழு மணிக்கு எண்ணி அடிக்கும், அரை மணிக்கு ஒரு அடி. பன்னிரண்டரைக்கும் ஒண்டு, ஒரு மணிக்கும் ஒண்டு, ஒண்டரைக்கும் ஒண்டு. உது எங்களுக்கெண்டே செய்தது, மருமோன். 1996 மேயிலை கரண்டை மிச்சம் பிடிக்கிறமெண்டு கொழும்பு மணியை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி, ஒக்டோபரிலை அரையைத் திருப்பித் தந்தது. புலிகளின்ர கட்டுப்பாட்டிலை இருந்த வன்னியிலை பழைய நேரமே ஓடினது. ஓமந்தைக்கு அங்காலை வவுனியாவிலை ஒரு மணியெண்டால் இஞ்சாலை பன்னிரண்டரை. உன்ர மணிக்கூடு ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அடிதான் அடிச்சிருக்கும், ஆரோடையும் கோவமில்லை. கடைசியிலை 2006 ஏப்ரலிலை கொழும்பே எங்கட நேரத்துக்கு வந்து சேர்ந்தது. நீ இருக்கிற இடத்துக்கு அந்தக் குடுப்பினை இல்லை. 1940இலை ஜேர்மன்காரன் வந்து பரிஸ் மணியை பேர்லினுக்கு ஒத்து வைச்சான். அவன் போய் இவ்வளவு காலம், நீ இண்டைக்கும் அந்த மணிக்குத்தான் வேலைக்கு ஓடுறாய்.

சரி, அனுப்பு. புகடு வேண்டாம், என்ர கட்டிலடி மேசையிலை வைச்சுக்கொள்ளுறன். முறுக்க ஒரு ஆள் வேணும்தானே. ஆரும் கேட்டால் மருமோன்ரையெண்டு சொல்லுவன். கேக்காட்டில் நானாய் ஏன் சொல்லுவான்?