ஒற்றைக்கால் விமர்சனம்

கேள்வி: காமாட்சி அம்மன் தவத்தை வரைந்து எங்கள் ஓவியர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் ‘சூப்பர்’ என்றார்கள். ஒருவர் மட்டும், ‘அம்மன் விழுந்துவிடுவார் போலிருக்கிறதே’ என்கிறார். குழு அட்மின் நான்தான். அவரை நீக்கிவிடலாமா?
– வாசகி, மாங்காடு

பதில்: அவசரப்படாதீர்கள். மற்றவர்கள் உங்களைப் பார்த்து ‘சூப்பர்’ போட்டார்கள். படத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

உங்கள் ஊர் அம்மன் அக்கினி நடுவே ஒற்றைக்காலில் நிற்பவர். வரைபவருக்கும் அது தவம்தான். கழுத்துக் குழியிலிருந்து நேராக ஒரு கோடு இறக்கினால், அது ஊன்றிய பாதத்தில் வந்து விழ வேண்டும். நம் சிற்பிகள் பிரம்மசூத்திரம் என்ற நடுக்கோட்டைப் போட்டுக்கொண்டுதான் உருவத்தின் அளவையே பிடிப்பார்கள். உங்கள் படத்தில் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். விழுந்தால் அம்மன் நெருப்பிலல்லவா விழுவார்!

இனி, நீக்கும் யோசனைக்கு வருவோம். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். ஓவியர்கள் பத்திக் துணி விற்றுப் பிழைத்தபடி அக்கம்பக்கமாகக் குடியிருந்தார்கள். குறை சொன்னவரை நீக்க அங்கே பட்டன் ஏது? மறுநாள் காலையும் அதே முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

எந்த இடத்தில் சாய்கிறது என்று அவரையே கேளுங்கள். இடுப்பு, முழங்கால் என்று இடம் காட்டினால், அடுத்த படத்தை முதலில் அவருக்கே அனுப்புங்கள். ‘ஏதோ ஃபீல் இல்லைங்க’ என்று இழுத்தால்... அட்மின் நீங்கள்தானே!