ஆல்வினுக்குள் யார்?

நாற்பது வயதுக் கைக்கடிகாரத்தின் டயல் தீபாவளிச் சட்டை போலப் பளபளத்தால் வாங்குபவர் மகிழக் கூடாது, சந்தேகப்பட வேண்டும். ஹைதராபாத் சனத்நகரின் ஆல்வின், ஃபிரிட்ஜும் பஸ் பாடியும் கட்டிய கையோடு, 1980களில் ஜப்பானின் சீக்கோவைத் துணைக்கு வைத்துக்கொண்டு கடிகாரமும் செய்தது. பெங்களூரின் எச்.எம்.டி. கடிகாரங்களுக்கோ 1961-லிருந்தே இன்னொரு ஜப்பான் நிறுவனமான சிட்டிஸனோடு உறவு இருந்தது. ஆகவே வம்சாவளி பார்ப்பது ஜாதகம் பார்ப்பதைவிட எளிது: பின்மூடியைக் கழற்றினால் போதும். ஆல்வின் பெயர் போட்ட டயலுக்கு அடியில் சிட்டிஸன் வழி வந்த மெஷின் துடித்தால், அது கடிகாரம் அல்ல, கூட்டணி ஆட்சி. டயலை லென்ஸில் பாருங்கள்: எழுத்தின் ஓரம் மை கசிந்திருந்தால் மறுபெயின்ட் என்று சந்தேகிக்கலாம். உடம்பெல்லாம் கீறல், முகம் மட்டும் குழந்தை என்றால் கேட்கவே வேண்டாம்.

‘மணி சரியாகத்தானே காட்டுகிறது?’ என்பார்கள். காட்டட்டும், மணி பார்க்கச் செல்போன் போதும். விற்பவர் காசு கேட்பது மணிக்கு அல்ல, வயதுக்கு. ‘ரிப்பேரில் பாகம் மாறாதா?’ மாறும்; கண்ணாடியும் சாவியும் மாறுவது வாழ்க்கை. அதைச் சொல்லி விற்றால் வியாபாரம், ‘அப்படியே ஒரிஜினல்’ என்றால் மோசடி. பின்மூடியைத் திறந்து காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.