மோட்டார்ஹோம் கழிவறைக் கசிவு: பாயிரமும் விருத்தியுரையும்

பாயிரம் இல்லாமல் நூலுக்குள் நுழையக் கூடாது என்பது இலக்கணக்காரர் மரபு. தண்ணீரை அடைக்காமல் குழாயில் கை வைக்கக் கூடாது என்பது பிளம்பர் மரபு. இரண்டையும் மதித்தே இந்த ஆய்வு தொடங்குகிறது.

நுதலிய பொருள்: சக்கரத்தின் மேல் ஓடும் வீட்டில் கழிவறை ஒழுகுவதும், அதைச் சரிசெய்வதும், சரிப்படாதபோது கழற்றி வேறு வைப்பதும். எல்லை: வடக்கே குழாய் உறையும் மினசோட்டா, தெற்கே ரப்பர் காயும் அரிசோனா, இடையே ஆர்.வி. பார்க் உள்ள மாநிலங்கள் அனைத்தும். கேட்போர்: வண்டியின் உரிமையாளரும், அவருடன் ஒரே கூரையின் கீழ் பயணம் செய்ய ஒப்புக்கொண்ட துணிச்சல்காரர்களும். பயன்: நாற்றமின்மை. அறம், பொருள், இன்பம் மூன்றும் அதற்குப் பிறகுதான்.

எல்லைக்குள் வராத ஒன்றையும் முதலிலேயே விலக்கிவிட வேண்டும். 2004 ஆகஸ்ட் 8 அன்று சிகாகோவின் கின்ஸி தெருப் பாலத்தைக் கடந்த ஒரு சொகுசுப் பேருந்து, தன் கழிவுத் தொட்டியைப் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் வழியே திறந்துவிட்டது. டேவ் மேத்யூஸ் பேண்ட் என்ற இசைக்குழு வாடகைக்கு எடுத்திருந்த பேருந்து அது. குழுவினர் அப்போது அதில் இல்லை. கீழே ஆற்றில் சுற்றுலாப் படகு ஒன்று போய்க்கொண்டிருந்தது. சிகாகோவின் கட்டடக்கலையைக் காட்டும் படகு, அதாவது அண்ணாந்து பார்ப்பதற்காகவே டிக்கெட் வாங்கியவர்கள் நிறைந்த படகு. இறங்கியது சுமார் 800 பவுண்டு, ஏறக்குறைய 360 கிலோ. ஓட்டுநர் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நிகழ்ச்சி எவ்வளவு பெரிதாயினும் இதைக் கசிவு எனல் ஆகாது. கசிவு என்பது எவரும் எண்ணாமல் நிகழ்வது. எண்ணிச் செய்தால் அது வேறு துறை, அதற்கு வக்கீல்கள் இருக்கிறார்கள்.

இனி மரபு வரலாறு.

அலெக்ஸாண்டர் கம்மிங் லண்டன் பாண்ட் தெருவில் கடிகாரம் செய்தவர். 1775இல் இவர் நீர்க் கழிவறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய கருவியில் நாற்றத்தைத் தடுக்க இரண்டு ஏற்பாடுகள் இருந்தன. ஒன்று, கோப்பையின் அடியில் இழுத்துத் திறக்கும் தகடு. மற்றொன்று, அதற்குக் கீழே பாம்புபோல் வளைந்து, வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் குழாய். கம்மிங்கின் கழிவறைகளை வீடுகளில் பொருத்திக்கொண்டிருந்த ஜோசப் பிராமா என்பவர், குளிர்காலத்தில் அந்தத் தகடு உறைந்துபோவதைக் கண்டார். தகட்டை எடுத்துவிட்டு, கீல் வைத்த மூடி ஒன்றை அமைத்து 1778இல் தாமும் காப்புரிமை பெற்றார். பூட்டுச் செய்வதிலும் இவர் பெரிய ஆள். தம் பூட்டு ஒன்றைக் கடை ஜன்னலில் வைத்து, திறந்து காட்டுபவருக்கு 200 கினி தருவதாக அறைகூவல் விடுத்தார். 1851இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் வந்து பல நாள் மல்லுக்கட்டும் வரை எவராலும் அது திறக்கப்படவில்லை. திறக்கக் கூடாததைத் திறக்காமல் வைத்திருப்பதில் அந்த நூற்றாண்டின் தலைசிறந்த மூளை கழிவறை வால்வின்மேல் உழைத்தது என்பதை இந்தத் துறை மாணவர்கள் பெருமையோடு நினைக்க வேண்டும்.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வீடுகள் வால்வையே கைவிட்டன. அசையும் உறுப்பு தேயும், தேய்ந்தால் ஒழுகும். வளைகுழாயில் நிற்கும் தண்ணீர் தேய்வதில்லை, அதற்கு வாஷரும் வேண்டாம். 1880களில் ட்வைஃபர்ட் போன்றோர் ஒரே வார்ப்பில் செய்த பீங்கான் கழிவறைகளைக் கொண்டுவந்தபின் வால்வு பழங்கதை ஆயிற்று.

பழங்கதை என்றே அது இருந்திருக்கும், வீட்டுக்குச் சக்கரம் வைக்காமல் இருந்திருந்தால். அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் 1966இல் வின்னிபேகோ கம்பெனி தொழிற்சாலை வரிசையில் மோட்டார்ஹோம்களை இறக்கத் தொடங்கியது. வண்டி வளைவில் சாயும், மேட்டில் ஏறும், பள்ளத்தில் குதிக்கும். வளைகுழாயில் தேங்கிய தண்ணீர் அங்கே எப்படி நிற்கும்? தண்ணீர்ச் செலவு இன்னொரு சிக்கல். அமெரிக்க வீடுகளில் புதிதாகப் பொருத்தும் கழிவறைகள் ஒரு தடவைக்கு 1.6 காலனுக்கு, அதாவது சுமார் 6 லிட்டருக்கு, மேல் இறைக்கக் கூடாது என்ற விதி 1994இல் நடைமுறைக்கு வந்தது. நல்ல தண்ணீரையும் தானே சுமந்து ஓடும் வண்டிக்கு அந்த ஆறு லிட்டரே ஆடம்பரம். ஒரு லிட்டருக்குள் வேலையை முடித்தாக வேண்டும். ஆகவே மோட்டார்ஹோம் வால்வுக்கே திரும்பியது. கம்மிங் விட்டுப்போன சொத்து பாகப்பிரிவினை ஆனபோது, மூத்தவனாகிய வீடு வளைகுழாயை எடுத்துக்கொண்டது. ஊர் சுற்றும் இளையவனுக்கு வால்வு மிஞ்சியது. மோட்டார்ஹோம் கழிவறை ஏன் ஒழுகுகிறது என்ற கேள்விக்கு விடை தேடும் பலரும் ரப்பர் வளையத்தோடு நின்றுவிடுகிறார்கள். இந்த ஆய்வு 1775 வரை போகிறது.

உறுப்புகளை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. பிளாஸ்டிக்கிலோ பீங்கானிலோ ஒரு கோப்பை. அதன் அடியில், மிதியை அழுத்தினால் உருண்டு விலகும் அரைப் பந்து. பந்தின் மேல் அழுந்தி உட்கார்ந்திருக்கும் ரப்பர் சீல். நேர் கீழே பிளாக் டேங்க் என்னும் இருண்ட தொட்டி; பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது லிட்டர் பிடிக்கும். உட்கார்ந்திருப்பவருக்கும் அந்த இருளுக்கும் நடுவே உள்ளது வேறொன்றும் இல்லை, அந்த ரப்பர்தான்.

கசிவு இருவகைப்படும்: கண்ணுக்குத் தெரிவது, மூக்குக்குத் தெரிவது.

பின்னதே நுட்பமானது. இரவு கோப்பையில் இரண்டு விரற்கடை தண்ணீர் விட்டுப் படுக்கிறீர்கள். விடிந்து பார்த்தால் கோப்பை வறண்டிருக்கிறது. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தண்ணீர் சீலைத் தாண்டித் தொட்டிக்குள் போயிருக்கிறது. அற்றேல், தொட்டிக்குப் போக வேண்டிய நீர் தொட்டிக்கே போயிற்று, இதைக் கசிவு என்றல் எங்ஙனம் பொருந்தும் எனின், அறியாது கூறினாய். கோப்பையில் தேங்கிய நீர் கழிவன்று, காவல். அது நாற்றத்தைக் கீழேயே நிறுத்துகிறது, ரப்பரைக் காயவிடாமல் நனைத்தும் வைக்கிறது. காவல் இறங்கிப் போன மறுகணம் கீழே உள்ளது மேலே வரும். வெயில் ஏறினால் படுக்கை வரை வரும்.

இங்கே பழைய தத்துவச் சண்டை ஒன்று மீண்டும் தலைகாட்டுகிறது. காரியம் காரணத்துக்குள் முன்னமே உண்டு என்பவர்கள், ரப்பர் பிறந்தபோதே கசிவும் அதற்குள் பிறந்துவிட்டது, இன்று வெளிப்பட்டது அவ்வளவே என்பார்கள். இல்லாதது புதிதாகத் தோன்றும் என்பவர்கள், நேற்று வந்த விருந்தினர் போட்ட டிஷ்யூ பேப்பரே காரணம் என்பார்கள். கையுறை போட்டுக்கொண்டு விளிம்பைத் தடவிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டாமவர் கட்சியே வெல்கிறது: சீலின் இடுக்கில் காகிதத் துணுக்கு சிக்கியிருக்கும். இல்லாவிட்டால் உப்புத் தண்ணீரின் சுண்ணாம்பு பந்தின்மேல் படிந்திருக்கும். துணுக்கைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுக்கலாம் (அந்தப் பிரஷ்ஷுக்கு அதன்பின் வேறு உத்தியோகம் தரக் கூடாது). சுண்ணாம்புக்கு வினிகரை ஊற்றி ஊறவிட வேண்டும். முடிவில் சிலிக்கான் கிரீஸை ரப்பரில் மெல்லத் தடவினால் போதும். வாஸ்லின் தடவும் ஒரு பிரிவினரும் இருக்கிறார்கள். பெட்ரோலியப் பொருள் பட்டால் இவ்வகை ரப்பர் உப்பி இளகும். ஆகவே அவர்கள் வாஸ்லினில் தொடங்கி, புது சீல் வாங்குவதில் முடிப்பார்கள். சீலின் விலை சில பத்து டாலர்தான். இது தெரியாமல் முழுக் கழிவறையையும் மாற்றியவர்கள் நிறைய.

கண்ணுக்குத் தெரியும் கசிவை ஆராய நம் முன்னோர் வகுத்த மூன்று அளவைகளே போதும்: காண்டல், கருதல், உரை.

காண்டலாவது, தரையை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, பின்புறக் குழாய் இணைப்பின் கீழும் அடிப்பாகத்தைச் சுற்றியும் உலர்ந்த டிஷ்யூவைப் பரப்பி, குப்புறப் படுத்துக்கொண்டு பார்ப்பது. எது முதலில் நனைகிறது என்பதைவிட எப்போது நனைகிறது என்பதே முக்கியம். யாரும் தொடாமலே ஈரம் ஊறினால் குற்றம் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் பக்கத்தில், அதாவது நீர் வரும் குழாய் இணைப்பிலோ வால்விலோ. மிதித்தபோது மட்டும் சொட்டினால் வேக்கம் பிரேக்கரைச் சந்தேகிக்க வேண்டும். கோப்பை நீர் நல்ல தண்ணீர்க் குழாய்க்குத் திரும்பி உறிஞ்சப்படாமல் காப்பதற்காகப் பின்னால் வைத்திருக்கும் சிறிய உறுப்பு அது. தொட்டி நிறைந்திருக்கும்போதோ, வண்டி சாய்ந்து நிற்கும்போதோ அடியிலிருந்து வந்தால், கழிவறை தரையோடு சேரும் ஃபிளாஞ்ச் சீல் போய்விட்டது என்று பொருள். அந்த ஈரத்தை வெறுங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. ஐயம் நீங்காதவர்கள் கோப்பையில் கேசரிப் பவுடர் கரைத்து மிதிக்கலாம். நிறத்தோடு வந்தது கீழிருந்து வந்தது. தெளிவாக வந்தது குழாயிலிருந்து வந்தது.

கருதலாவது, ஒன்றைக் கண்டு காணாததை ஊகிப்பது. மலையில் புகை கண்டு நெருப்பைக் கருதுவது தருக்க நூல்களின் எடுத்துக்காட்டு. காலடியில் மெத்தென்ற தரை கண்டு, விரிப்புக்குக் கீழே ஊறிப்போன பிளைவுட்டைக் கருதுவது இந்நூலின் எடுத்துக்காட்டு. அந்த நிலைக்கு வந்தவருக்குக் கழிவறை இரண்டாம் பிரச்சினை. முதல் பிரச்சினை மரம்.

உரையாவது, பெரியோர் வாக்கு. கையேடு ஒன்று, பக்கத்து வண்டிக்காரர் மற்றொன்று. ஆர்.வி. பார்க்கில் கழிவறை பழுது என்ற செய்தி பரவ ஐந்து நிமிடம் போதும். மடக்கு நாற்காலியிலிருந்து எழுந்து வரும் பெரியவர் கோப்பையைப் பார்க்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுவார். சொன்னவர் குற்றமற்றவராக இருந்தால்தான் உரை அளவை செல்லும் என்பது விதி. எனவே திரும்பிப் போகும்போது அவருடைய வண்டியின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது நலம்.

குளிர் ஒரு தனி அதிகாரம். வால்வுக்குள் நின்ற தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிகிறது, பிளாஸ்டிக் விரிவதில்லை. ஜனவரியில் விழுந்த விரிசலை யாரும் பார்ப்பதில்லை. ஏப்ரலில் பம்ப்பைப் போட்டவுடன் அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும். அதனால்தான் வண்டியைக் குளிர்காலத்துக்கு நிறுத்தும் முன் தண்ணீரை வடித்து, புரோபிலீன் கிளைக்கால் கலந்த இளஞ்சிவப்புத் திரவத்தைக் குழாய்களில் ஓட்டுகிறார்கள். பிராமா லண்டனில் கண்ட குறைதான் இது. இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகும் தீரவில்லை, நிறம் மட்டும் சேர்ந்திருக்கிறது.

இங்கே நம் பக்கத்திலிருந்து ஒரு தடை எழும். காகிதம் அல்லாமல் தண்ணீரால் கழுவும் வழக்கமுடையோர் இவ்வண்டியில் ஏறினால் தொட்டி விரைவில் நிறையாதோ எனின், நிறையும். ஆனால் நலமாக நிறையும். பிளாக் டேங்க்குக்குப் பகை தண்ணீர் அன்று, தண்ணீரின்மை. தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று சொட்டு விட்டு மிதிப்பவர்களின் தொட்டியில், துளைக்கு நேர் கீழே காகிதமும் மற்றதும் கரையாமல் குவிந்து இறுகிக் கோபுரமாக எழும். பார்க்கில் நிற்கும்போது வடிகால் வால்வைத் திறந்தே வைப்பவர்களுக்கும் அதே கதி: நீர் ஓடிவிடும், திடம் தங்கிவிடும். கோபுரக் கலசம் பந்தைத் தொடும் நாளில் சீலும் கெடும். ஒரு சொம்புத் தண்ணீரோடு உள்ளே போகும் தமிழர் இத்துறையில் தாம் அறியாமலே தொட்டிப் பராமரிப்பு செய்கிறார்.

கடைசியாக, மாற்றுதல். பந்து கீறியிருந்தால், மிதியின் இயக்கம் உடைந்திருந்தால், கோப்பையில் விரிசல் விட்டிருந்தால், பழையதோடு மல்லுக்கு நிற்பது வீண். அந்த மாதிரிக்கு உதிரிப்பாகம் கிடைக்காவிட்டாலும் அப்படியே. மற்றெல்லா நிலையிலும் முதலில் சீலைப் பார்ப்பவரே அறிவாளி என்பது இந்த ஆய்வாளரின் துணிபு.

மாற்றும் முறை நீண்டதன்று. தொட்டியைக் காலி செய்க. பம்ப்பை நிறுத்தி, வெளிக்குழாயையும் கழற்றி, மிதியை மிதித்து மிச்ச அழுத்தத்தை வெளியேற்றுக. நீர் இணைப்பையும் அடியில் உள்ள நட்டுகளையும் கழற்றித் தூக்கியவுடன், தரையில் தெரியும் துளையைப் பழந்துணியால் அடைத்துவிடுக. இந்தச் சூத்திரத்தை மீறியவர்களின் ஸ்பானர்கள் பிளாக் டேங்க்கில் இருக்கின்றன. எடுக்க எவரும் முன்வருவதில்லை. வீட்டுக் கழிவறைக்குப் போடும் மெழுகு வளையம் இங்கே ஆகாது. குலுக்கலில் இடம் மாறும், வெயிலில் இளகும். ரப்பர் சீலே போட வேண்டும். நட்டுகளை இருபுறமும் மாற்றி மாற்றி, கழிவறை ஆடாத அளவுக்கு மட்டும் முடுக்குக. வலிமையைக் காட்டினால் அடிப்பாகம் பிளக்கும்.

உயரம் பற்றிக் கடையில் யாரும் கேட்க மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். உயரமான வகை சுமார் 18 அங்குலம், தாழ்ந்தது சுமார் 13. சில வண்டிகளில் கழிவறை ஒரு மேடைமேல் இருக்கும். அங்கே தாழ்ந்ததைத்தான் வைத்திருப்பார்கள். தெரியாமல் உயரமானதை வாங்கி வைத்தால் உட்கார்பவரின் கால் தரைக்கு எட்டாது, மிதி எங்கோ கீழே இருக்கும். ஆகவே நட்டைப் போடும் முன் கழிவறையை அதன் இடத்தில் வெறுமனே வைத்து, உடையோடு உட்கார்ந்து, கதவைச் சாத்திப் பார்க்க வேண்டும். முழங்கால் கதவில் இடித்தால் ரசீதை எடுத்துக்கொண்டு உடனே கடைக்குப் புறப்படலாம். உபயோகித்த பிறகு ரசீது செல்லாது.