பானைக்கு விழாத ஓட்டு

கே: விடுதலைச் சிறுத்தைகள் கட்சி எப்போதுதான் எல்லோருக்குமான கட்சியாகும்? (விருத்தாசலம் வாசகர்)

ப: தலித் அல்லாதவர்களும் பொறுப்புக்கு வரலாம் என்று 2007-லேயே வேளச்சேரித் தீர்மானம் போட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வர நமக்கு எவ்வளவு காலம் வேண்டும்?

கே: தனித்தொகுதியில் நிற்கிறவர்களுக்கு மற்ற சாதியார் ஓட்டு எதற்கு? (பண்ருட்டி வாசகர்)

ப: படித்தவர்களே தடுமாறும் இடம் இது. தனித்தொகுதியில் வேட்பாளர்தான் தலித். ஓட்டுப் போடுவது ஊர் முழுக்க. 1932 பூனா ஒப்பந்தத்தில் வந்த ஏற்பாடு. எல்லாக் கட்சியும் அங்கே தலித்தைத்தான் நிறுத்தியாக வேண்டும் என்பதால் தலித் ஓட்டு பிரிந்துவிடும். ஜெயிக்க வைப்பது மற்றவர் ஓட்டு. 2016-ல் காட்டுமன்னார்கோவில் தனித்தொகுதியில் கட்சித் தலைவர் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். ஒரே ஒரு தெரு மனசு வைத்திருந்தால் போதும்.

கே: கூட்டணிக் கட்சிக்காரர்கள் போட மாட்டார்களா?

ப: 2019 நாடாளுமன்றத் தேர்தலைப் பாருங்கள். ஒரே கட்சி, ஒரே கூட்டணி, இரண்டுமே தனித்தொகுதி. விழுப்புரத்தில் சிறுத்தைகளின் ரவிக்குமார் தி.மு.க.வின் உதயசூரியன் சின்னத்தில் நின்று ஒன்றேகால் லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். சிதம்பரத்தில் திருமாவளவன் தனிச் சின்னமான பானையில் நின்றார். விடிய விடிய எண்ணி 3,219 ஓட்டில்தான் கரையேறினார். உள்ளூர்க் கணக்குகள் வேறுவேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சூரியனைத் தேடிப் போன விரல், பானையைக் கண்டதும் தயங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கே: 2024-ல் அந்தத் தயக்கம் போய்விட்டதா?

ப: கொஞ்சம். இரண்டு தொகுதியிலும் பானைதான். சிதம்பரத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிய வித்தியாசம், விழுப்புரத்தில் எழுபதாயிரத்துக்கு மேல். மாநிலக் கட்சி அங்கீகாரமும் அதனால்தான் கிடைத்தது. ஆனால் எதிரணி இரண்டாக உடைந்து நின்ற தேர்தல் அது. அதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது 2021 சட்டமன்றத் தேர்தல். நாகப்பட்டினம், திருப்போரூர் இரண்டும் பொதுத்தொகுதிகள். இரண்டிலும் பானை ஜெயித்தது.

கே: சாதிப் பேச்சை விட்டுவிட்டால் எல்லோரும் வருவார்களே? (சேலம் வாசகி)

ப: விடவே கூடாது. 2019 வாக்குப்பதிவு அன்றைக்கே அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் மக்களின் வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். அதைப் பேசாமல் விட்டால்தான் உங்கள் ஓட்டு வருமென்றால், அந்த ஓட்டு வேண்டாம். பேச்சோடு மற்றதும் சேரட்டும். 2024 அக்டோபர் 2-ல் உளுந்தூர்பேட்டையில் மதுவை ஒழிக்கச் சொல்லிப் சிறுத்தைகள் பெண்கள் மாநாடு நடத்தினார்களே, அதுதான் வழி. குடித்துவிட்டு வரும் புருஷனிடம் அடி வாங்குகிறவளுக்கு எந்தத் தெருவாயிருந்தால் என்ன?

கே: எல்லோருக்குமான கட்சி அம்பேத்கருக்கே கைகூடவில்லையே?

ப: முழுதாகக் கூடவில்லை. 1936-ல் தொழிலாளர் எல்லோருக்குமாகச் சுதந்திரத் தொழிலாளர் கட்சி. 1942-ல் மறுபடி பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு. பிறகு மீண்டும் எல்லோருக்கும் என்று குடியரசுக் கட்சியைத் திட்டமிட்டார். 1957-ல் அது உருவானபோது அவர் இல்லை. சட்ட அமைச்சராக இருந்து அரசியல் சட்டத்தை வரைந்து கொடுத்தவரை, 1952-ல் வடக்கு பம்பாய்த் தொகுதி தோற்கடித்தது. இன்னமும் மனசு ஆறவில்லை எனக்கு.

கே: மாற்றம் வந்துவிட்டது என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? (திண்டிவனம் வாசகர்)

ப: கொடிமரத்தை வைத்து. கடலூர், விழுப்புரம் பக்கம் டவுன் பஸ்ஸில் போயிருப்பீர்கள். ஊர் நிறுத்தத்தில், டீக்கடைக்குப் பக்கத்தில் எல்லாக் கட்சிக் கொடியும் வரிசையாகப் பறக்கும். நீலமும் சிவப்புமாய் நடுவில் நட்சத்திரம் வைத்த சிறுத்தைகள் கொடி மட்டும், பஸ் கிளம்பி அரை பர்லாங் போன பிறகு, காலனிக்குத் திரும்புகிற முனையில் நிற்கும். அந்த அரை பர்லாங்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.