தொட்டி நெறைக்க ஒரு மூளை

வா கண்ணு, உக்காரு. புதுப் பேனலுக்கு மாலையெல்லாம் போட்டாச்சாட்ட இருக்குது? சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம். உள்ள பி.எல்.சி.யாம், புரோகிராம் போட்டு ஓட்டற கன்ட்ரோலரு; வெளிய டச் ஸ்கிரீனாம். நெம்பச் சந்தோசம். அது என்ன வேலை செய்யுது? கீழ்த்தொட்டித் தண்ணிய மேல்தொட்டிக்கு ஏத்துது. அப்புறம்? நெறைஞ்சா நிறுத்துது. அப்புறம்? அவ்வளவுதானா? ஏஞ்சாமி, ஒரு ஃப்ளோட் சுவிட்சும் ஒரு காண்டாக்டரும் சத்தமில்லாமப் பாக்கற வேலைக்கா லேப்டாப்போட ஆளு வந்து மூணு வேளை சாப்புட்டுட்டுப் போனான்?

கோவிச்சுக்காத. பி.எல்.சி.ய நானு கொறை சொல்லலை. அது எதுக்குப் பொறந்துதுன்னு தெரியுமா உனக்கு? 1968-ல அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ்காரனுக்கு ஒரு தலைவலி. காருக்குக் கியர்பாக்ஸ் செய்யற ஹைட்ராமேட்டிக் பிரிவுல செவுரு செவுராப் பேனலு, பேனல் பூரா ரிலே. காரு மாடல் மாறுனா அத்தனை வொயரையும் பிரிச்சு மாட்டோணும். நடுவுல ஒரு ரிலே மக்கர் பண்ணுனா, எதுன்னு தேடறதுக்குள்ள பொழுது சாஞ்சுரும். வொயரத் தொடாம வேலைய மாத்தற மாதிரி ஒண்ணு வேணும்னான். டிக் மார்லிங்கறவரு கூட்டம் செஞ்சு குடுத்துது. அவுங்களுக்கு அது 84-வது வேலை, அதனால பேரு மாடிகான் 084. அவனுக்கு அது தேவை. உன்ற தொட்டி வருசா வருசம் மாடல் மாத்துதா?

அந்தக் கூட்டம் வெவரமானது கண்ணு. எலக்ட்ரீசியன உக்கார வெச்சுப் புதுசா ஒரு பாஷை படிக்கச் சொல்லலை. ரிலே சர்க்யூட்ட ஏணியாட்ட வரைவமே, அந்தப் படத்தையே புரோகிராமா ஆக்கிட்டாங்க. நீ ஸ்கிரீன்ல இழுத்து உடற காயிலு, காண்டாக்டு, டைமரு எல்லாம் யாரு வீட்டுப் பேரு? மாமனாரு சட்டையப் போட்டுக்கிட்டு மாமனாரையே ஆருன்னு கேக்கறயே!

பேனலத் தொறந்து பாரு. பி.எல்.சி.க்குக் கீழ வரிசையா சின்னச் சின்ன ரிலே நிக்குதா? எதுக்குன்னு அந்த ஆளக் கேட்டயா? பி.எல்.சி.யோட அவுட்புட்டு ஒண்ணு ரெண்டு ஆம்பியருக்கு மேல தாங்காது, சிலது அதுவுந் தாங்காது. அது 24 வோல்ட்டுல சின்ன ரிலேய இழுக்கும். சின்ன ரிலே காண்டாக்டர இழுக்கும். 'டொக்'குன்னு கேக்குமே, அப்பத்தான் மோட்டாருக்கு மூணு பேஸும் போவும். மூளைக்கு மாலை போட்டுட்டே, பாரந் தூக்கறவனுக்கு ஒரு பொட்டாவது வெச்சயா?

இப்ப முக்கியமான சங்கதிக்கு வாறேன். அந்தச் செவப்புக் காளான் பட்டன், எமர்ஜென்சி. அதோட வொயரு எங்க போவுது? பி.எல்.சி.க்குள்ள மட்டுமா? அட போடா! மோட்டார நிறுத்தறதுக்குப் புரோகிராம்கிட்ட உத்தரவு கேக்கோணுமா? புரோகிராம் தொங்கிப்போச்சுன்னா? காண்டாக்டர் காயிலுக்குப் போற கரண்ட அந்தப் பட்டன் நேராவே வெட்டோணும். ஆளு கை வெக்கற பெரிய மிசினுன்னா அதுக்குன்னே சேஃப்டி ரிலே இருக்குது. பட்டனும் என்.சி.யா இருக்கோணும், அமுக்காதப்பக் கரண்டு ஓடிக்கிட்டே இருக்கறது. வொயர எலி கடிச்சாலும் மிசினு நின்னுரும், நீயும் அப்பவே தேடுவே. என்.ஓ.வா, அமுக்குனாத்தான் கரண்டு ஓடற மாதிரி போட்டா எலி கடிச்சது எப்பத் தெரியும்? கை மாட்டி, நீ பட்டன அமுக்கற அன்னிக்கு.

இருவது சென்சார், பத்து சிலிண்டர், மாசத்துக்கு ஒரு சைசுல பாக்கெட்டு மாத்தற பேக்கிங் மிசினா? தாராளமா பி.எல்.சி. வெய்யி, நானே மாலை வாங்கியாறேன். அங்க ரிலேதான் வேணும்னு நின்னா எனக்குத்தான் கிறுக்கு.

அது கெடக்கட்டும். புரோகிராம் காப்பி உன்ற கையில இருக்குதா? பாஸ்வேர்டு? அந்த ஆளுகிட்டயா! போனெடுக்கறானா? எடுக்கலையா? செரி, அவனுக்குப் பணம் எதாச்சும் பாக்கி வெச்சிருக்கறயா? அப்பக் கவலைய உடு, நாளைக்கு அவனே கூப்புடுவான். பாஸ்வேர்ட வாங்கி, உன்ற கையால ஒருக்காப் போட்டுத் தொறந்து பாத்துட்டு அப்புறமாப் பணத்தக் குடு.